வயதுவந்த பிள்ளைகளும் பெற்றோர் பொருளும்

தந்தை மகனுக்குச் செய்யவேண்டிய உதவி இன்னதென்றும், மகன் தந்தைக்குச் செய்யவேண்டிய கைம்மாறு இன்னதென்றும் திருவள்ளுவர் மக்கட்பேறு என்னும் ஒரே அதிகாரத்திற் கூறிவைத்தார். கொடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பது நம்மவரின் பழைய எண்ணம். ஆயின் அக்கணக்கு எப்போது தொடங்கி எப்போது முடிகின்றது, யாருடைய பெயரில் எழுதப்படுகின்றது என்பன இனத்துக்கு இனம், நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள்பற்றி நம்மிடையே இரு கூற்றுக்கள் வழங்குகின்றன. “வெள்ளைக்காரன் பதினெட்டு வயதிற் பிள்ளையை வீட்டுக்கு வெளியே விட்டுவிடுவான், நாங்களோ சாகும்வரை பிள்ளைகளைத் தாங்குகிறோம்” என்பது பெரியோர் கூற்று. “ஆங்கிலேய வாலிபன் பெற்றோர் கையை எதிர்பாராது தன் காலில் நிற்கிறான், நாமோ இருபத்தைந்து வயதிலும் ஐயாவின் மடியைப் பார்த்திருக்கிறோம்” என்பது இளைஞர் கூற்று. மிஷன் பாடசாலையில் ஆங்கில சரித்திரமும் நாவலும் படித்து வளர்ந்த யானும் இரண்டாவது கூற்றையே நெடுநாள் நம்பியிருந்தேன். சர்வகலாசாலைக்கு வந்து சட்டங்களையும் சரித்திர நூல்களையும் புரட்டிய பின்னரே இவ்விரண்டும் பாதி உண்மைகள் என்பது விளங்கிற்று.

நமது வழமை

முதலில் நமது வீட்டைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தாரின் வழமைகளை ஏட்டிற் பதிப்பித்தவர்கள் ஒல்லாந்தர். தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அவற்றைத் தொகுத்து 1707இல் ஒப்புவித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமார்களாற் பார்வையிடப்பெற்றது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் பிரித்தானியரும் அதனை ஏற்றுக்கொண்டனர். இதுவே தேசவழமை.

தேசவழமை பொருளை மூவகையாகப் பிரித்தது. தகப்பன் வழியாக வந்தது முதுசம். தாய் கொண்டுவந்தது சீதனம். கணவனும் மனைவியும் கூடிச் சம்பாதித்தது தேடியதேட்டம். பூர்வத்தில் முதுசம் ஆண்மக்களுக்கும், சீதனம் பெண்மக்களுக்கும், தேடியதேட்டம் இருபாலாருக்கும் சமமாகவும் சென்றன என்று அவ்வேடே கூறுகின்றது. பெண் தனது பங்கை விவாகத்தின்போது பெற்றுக்கொண்டு செல்வாள். அதன்பின் பெற்றோர் ஆதனத்தில் உரிமை கோர அவளுக்கு இடமில்லை. ஆணோ தாய் தந்தையர் மறைந்த பின்னரே தன் பங்கைப் பெறுவான். ஆகவே மகளுக்கு முன்னதாகவும் மகனுக்குப் பின்னதாகவும் கொடுப்பதே நமது முறையாயிருந்தது.

இங்கே இளைஞர் பலர் அறியாத விதியொன்றுண்டு. மணமாகாத மகன் தேடிய தேட்டம் அவனுடையதன்று. அவன் பிரமசாரியாயிருந்த காலத்திற் சம்பாதித்தவற்றை எல்லாம் பெற்றோரின் பொதுப் பொருளில் சேர்த்துவிடவேண்டும். அவன் மேனியில் அணிந்த பொன் வெள்ளி ஆபரணங்கள் மாத்திரமே அவனுக்கு நிற்கும். பெற்றோர் உயிரோடிருக்குங்காறும், மணம் முடித்து வேறு வீடு சென்றபோதிலும், அவன் ஒன்றும் கேட்கமுடியாது. அவர்கள் மறைந்தபின் அவர்கள் வைத்த கடனை இறுக்கும் பொறுப்பும் ஆண்மக்கள் தலையிலேயே விழுந்தது. அப்போது கையில் வழியில்லாவிடினும் அப்பொறுப்பு நீங்காது.

“நாங்கள் பிள்ளைகளைத் தாங்குகிறோம்” என்னும் பெரியோர் கூற்று ஏன் பாதியுண்மை என்பது இதனால் விளங்கும். தாங்கியவர் பெற்றோர் மாத்திரமல்லர். உழைக்கும் மகன் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் தாங்கினான். எனினும் அவன் கொடுத்ததற்கு ஈடும் இருந்தது. பொதுப் பெட்டியிற் போட்டவனுக்கு முதுசக் காணி காத்திருந்தது. கணக்கு நீண்டதாயினும் சரிநிகராக முடிந்தது என்க.

இக்கணக்குக் குலைந்த இடத்தையும் அவ்வேடே காட்டுகின்றது. காலம் செல்லச் செல்ல, அரசுகள் மாற, விசேடமாகப் போர்த்துக்கேயர் காலத்தில், பழைய பிரிவு கலங்கிற்று. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பேதம் பாராது, உள்ள பொருளிலிருந்தெல்லாம் மகளுக்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்தது. இதனாற் பெண்கள் பங்கு பெருத்தது. ஆண்கள் காத்திருந்த மிச்சம் சிறுத்தது. ஆனால் மகன் உழைத்துப் பொதுப் பெட்டியிற் போடவேண்டும் என்ற விதி மாறவில்லை. வரவுப் பக்கம் குறைந்தது. செலவுப் பக்கம் அப்படியே நின்றது.

ஆங்கிலேயர் வழக்கு

இனி ஆங்கிலேயரை நோக்குவோம். இங்கிலாந்திலும் ஒருகாலத்திற் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு இருந்தது. லண்டன் நகர வழக்கின்படி, இறந்தவனுடைய அசையும் பொருளில் மூன்றிலொன்று மனைவிக்கும் மூன்றிலொன்று பிள்ளைகளுக்கும் சேரும். எஞ்சிய ஒன்றையே அவன் தன் விருப்பப்படி எழுதலாம். இவ்வழக்கு லண்டனில் 1724வரை நிலைத்தது. ஆயின் நிலத்தைப்பற்றிய போக்கு வேறாயிற்று. 1540ஆம் ஆண்டின் மரணசாதனச் சட்டம் நிலவுடைமையாளன் தன் நிலத்தின் பெரும்பகுதியை விரும்பியவர்க்கு எழுத வழிவிட்டது. எழுதாது இறந்தால் நிலம் மூத்த மகனையே சேர்ந்தது. இம்மூத்தமகன் உரிமை 1925இன் சட்டத்தாலேதான் ஒழிந்தது.

அப்படியானால் இளைய மக்களின் கதியென்ன? அவர்களையும் தந்தை வெறுங்கையோடு அனுப்பவில்லை. தொழில் பழக விரும்பியவனுக்காகத் தந்தை தொழிலாசானுக்கு ஒரு தொகை கட்டினான். 1563ஆம் ஆண்டின் சட்டம் அத்தகைய பயிற்சிக்கு ஏழாண்டு விதித்திருந்தது. செல்வர் தம் மக்களுக்குப் படையில் அதிகாரிப் பதவியை விலை கொடுத்து வாங்கினர். இவ்விற்பனை 1871இலேதான் நின்றது. பெண்களுக்கு விவாகத்தின்போது பங்குப்பணம் கொடுக்கப்பட்டது. ஆகவே, ஆங்கிலேயரிடம் சீதனமேயில்லை என்பது சரித்திரமறியாதார் பேச்சு. அவர்களிடம் இருந்தது, அது கணவன் கைக்குப் போயிற்று. 1882ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை, மணமான ஆங்கிலப் பெண்ணின் பணமும் நகையும் பொதுச் சட்டப்படி கணவனுக்கே சொந்தம். நமது வழமையிலோ சீதனம் என்றும் பெண்ணின் ஆதனமாகவே நின்றது. இது நாம் பெருமை கொள்ளத்தக்கது. ஆயினும் அவள் தன் காணியை விற்பதற்குக் கணவனின் சம்மதம் வேண்டுமென்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்ததையும் மறைத்தல் ஆகாது.

ஏழைகள் வீட்டில் நடந்தது வேறு. பதினாறாம் நூற்றாண்டு தொடங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆங்கில நாட்டு வாலிபர், கன்னியர் பெருந்தொகையினர் பிறர் வீடுகளில் ஊழியம் செய்து தங்கினர். அவர்கள் பெற்ற வேதனம் அவர்களுடையது. அதைச் சேமித்து இருபத்தைந்து வயதளவில் மணம் முடித்துத் தனிக்குடித்தனம் அமைத்தனர். யாழ்ப்பாணத்து மகனுக்கும் ஆங்கில மகனுக்கும் உள்ள பெருவேறுபாடு இதுவே. அவன் சம்பளம் அவனுக்கு. இவன் சம்பளம் குடும்பத்துக்கு. அவனைத் தகப்பன் முன்னே நிறுத்தி அனுப்பிவிட்டான். பின்னே கிடைப்பது தகப்பன் மனம்போல். இவனைத் தகப்பன் அனுப்பவில்லை. பின்னே கிடைப்பது உரிமையாக இருந்தது.

ஆங்கிலச் சட்டம் குடும்பத்தை முற்றாக விட்டுவிடவுமில்லை. உழைக்க இயலாத வறியவரைப் பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள் ஆகியோர் தம்மிடம் வழியிருந்தாற் காப்பாற்றவேண்டும் என்று 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் கட்டளையிட்டது. 1948இல் அப்பொறுப்பை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. மரணசாதனத்திற் கைவிடப்பட்ட பிள்ளைகள் சிலர் நீதிமன்றத்தை நாடலாமென்று 1938இலும், எவ்வயதுப் பிள்ளையும் நாடலாமென்று 1975இலும் சட்டங்கள் பிறந்தன. ஆயினும் தாயோடு பிரிந்து வாழ்ந்த மகளொருத்தியின் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் காண்க. ஏறக்குறைய 486,000 பவுண் பெறுமதியான ஆதனத்தை அத்தாய் பெரும்பாலும் தரும நிலையங்களுக்கு எழுதிவைத்தாள். மகளுக்குக் கிடைத்தது 50,000 பவுண். நம்மவர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். தகப்பன் தாயின் விருப்பத்துக்கு அந்நாடு கொடுக்கும் மதிப்பு அத்தகையது.

சட்டம் கட்டாயப்படுத்திய நாடுகள்

மேலைத்தேயம் முழுவதையும் இங்கிலாந்தாகவே எண்ணுவது நம் படிப்பின் குறை. பிரான்சில் 1804ஆம் ஆண்டின் குடியியற் சட்டத் தொகுதி தந்தையின் கையைக் கட்டிற்று. ஒரு பிள்ளையிருந்தால் ஆதனத்திற் பாதி, இருவரிருந்தால் மூன்றிலிரண்டு, மூவரும் அதற்கு மேலும் இருந்தால் நான்கில் மூன்று, பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. மூத்தவன் இளையவன், ஆண் பெண் என்ற பேதமுமில்லை. பிள்ளையைக் கோபித்து முழுவதையும் பிறர்க்கு எழுதிவிட அங்கே இடமில்லை.

யேர்மனியின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. 1900இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குடியியற் சட்டம், மணஞ்செய்யும் மகளுக்கு வீட்டுச் சாமான்கள் முதலியன கொடுப்பது பெற்றோர் கடமையென்று எழுதிவைத்தது. மகள் அதை உரிமையோடு கேட்கலாம். ஆண் பெண் சமத்துவத்தின் பொருட்டு 1957இல் இயற்றப்பட்ட சட்டம் இவ்விதியை நீக்கிற்று. ஆனால் ஆணாயினும் பெண்ணாயினும் ஒரு தொழிலுக்கேற்ற கல்வியைக் கொடுக்கும் பெற்றோர் கடமை நிலைத்து நின்றது. அங்கே இன்றும் சர்வகலாசாலை மாணவன் வயதுவந்தவனாயினும், முதற்படிப்பு முடியும்வரை பெற்றோரிடம் செலவுக்குச் சட்டப்படி கேட்கலாம். அதாவது, சீதனக் கடமை போய்க் கல்விக் கடமை நின்றது. இதற்கு மாறாகச் சுவீடனில் 1965முதல் மாணவர்க்கு அரசே பணமும் கடனும் கொடுக்கின்றது. அதற்குப் பெற்றோரின் வருமானத்தைக் கேட்பதில்லை.

நம் தீவுக்குள்ளேயே வழக்கம் ஒன்றன்று. மட்டக்களப்புப் பகுதியில் மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்து மருமகனை அங்கே அழைப்பது பரம்பரை வழக்கம். கண்டிச் சிங்களவரிடையே, கணவன் வீடு செல்லும் ‘தீக’ விவாகம் செய்த மகள் தந்தையின் ஆதனத்திற் பங்கை இழப்பாள். கணவனைத் தன் வீட்டுக்கு அழைக்கும் ‘பின்ன’ விவாகம் செய்தவள் இழக்கமாட்டாள். ஆகவே எவரேனும் “இதுதான் நம் நாட்டு முறை” என்று ஒன்றைச் சுட்டினால், எந்த ஊரின், எந்தக் காலத்தின் முறையென்று வினவுதல் தகும்.

மணியோடர் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மூருக்கு ஆங்கிலக் கல்வி வந்தது. அதனோடு குடும்பக் கணக்கில் ஒரு புதிய செலவு புகுந்தது. பள்ளிக்கூடம் வைத்த மிஷனரிமாரும் நம் வழமையை மீறமுடியவில்லை என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, மாணவியரைச் சேர்ப்பதே அரிதாயிற்று. படிப்பை முடித்து மணஞ்செய்யும் மாணவியருக்கு மிஷனே சீதனம் கொடுக்கவேண்டி நேர்ந்தது!

ஆங்கிலம் படித்த ஆண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிமுதல் மலாயாவுக்குச் சென்றனர். புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். மாதந்தோறும் மணியோடர் வந்தது. அதிற் கல்வீடுகள் எழுந்தன, தங்கைமார் கரையேறினர், தம்பிமார் படித்தனர். 1941இல் யப்பானியர் மலாயாவைத் தாக்கியதும் மணியோடர் நின்றது. யுத்தம் முடியும்வரை மகன் உயிரோடிருக்கிறானா என்றறியாத துயரோடு வறுமையும் பல வீடுகளிற் சேர்ந்துகொண்டது. 1983இன் பின்னர் இளைஞர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றபோதும் பழைய கதையே புதிய ஊர்ப் பெயர்களோடு நடந்தது. பிரமசாரி மகன் தேடியது பொதுப் பொருள் என்று 1707இல் எழுதப்பட்ட விதியை அவர்களில் எத்தனைபேர் படித்திருப்பர்? படியாமலே பனிக்குளிரில் நின்று அதனை நிறைவேற்றினர். சில விதிகள் சட்டப் புத்தகத்திலன்றி மனச்சாட்சியில் வாழ்கின்றன.

இதனிடையே இன்னொரு வழக்கம் வளர்ந்தது. சீதனம் பெண்ணுடையது. ஆனால் ‘டொனேசன்’ என்று மாப்பிள்ளை வீட்டார் வாங்கும் ரொக்கம் பெண்ணுடையதன்று. மகனைப் படிப்பித்த செலவை மருமகள் வீட்டில் அறவிடும் ஏற்பாடே அது. பலவேளை அத்தொகை மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகப் போய்விடுகின்றது. ஆகவே ஒரு வீட்டுப் படிப்புச் செலவை இன்னொரு வீட்டுத் தமையன் இறுக்குகிறான். பூர்வ வழமையென்று இதற்குப் பெயர் சூட்டுதல் பொருந்துமா என்பதைப் பெரியோர் சிந்திப்பார்களாக.

நாம் கொள்ளவேண்டியது

என் வீட்டுக் கதையையும் இங்கே சொல்லாது விடுதல் நேர்மையாகாது. என் தமையனார் இருபது வயதிற் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனார். இந்நாட்டிற் சர்வகலாசாலைக் கல்விக்குக் கட்டணமில்லை. மகாபொல உதவிப்பணம் பெறுவோரும் உளர். ஆயினும் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் மாதம் முடிவில் ஒருவர் பணம் அனுப்பவேண்டுமே! அவரே அனுப்புகிறார். தமக்கையாருக்காகக் கட்டும் சீட்டுக்காசும் அவருடையதே. அவருக்கு முப்பத்துமூன்று வயதாகிவிட்டது, இன்னும் மணமாகவில்லை. எங்களுக்குள்ள நாலு பரப்பு வளவும் தமக்கையாருக்கு எழுதப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் அவருக்குச் சிறிதும் வருத்தமில்லை. எனக்குத்தான் இக்கட்டுரைக்காகத் தேசவழமையைப் படித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. பொதுப் பெட்டியிற் போட்டவனுக்குப் பழைய வழமை முதுசத்தை வைத்திருந்ததே, நாம் என் அண்ணருக்கு எதை வைத்திருக்கிறோம்?

இக்கேள்வியை விடுமுறையில் ஐயாவிடம் கேட்டேன். அவர் சினக்கவில்லை. சற்றுநேரம் முற்றத்தைப் பார்த்திருந்துவிட்டு, “அவன் ஒருநாளும் கேட்கவில்லையே, தம்பி” என்றார். கேளாதவனுக்குக் கொடுக்கவேண்டியதே பெரிய கடன் என்று அப்போது எனக்குப் பட்டது.

ஆதலின், ஆங்கிலேயரைப்போற் பிள்ளையைத் தனியே அனுப்பிவிடவேண்டும் என்று யான் வாதிக்கவில்லை. நமது முறையில் ஓர் அன்பும் பாதுகாப்பும் உண்டு. மணியோடர் நின்ற காலத்தில் அகப்பட்டதைப் பகிர்ந்துண்டு பிழைத்தவர்கள் நாம். யான் வேண்டுவது கணக்கு நேராக இருக்கவேண்டும் என்பதே. இதற்கு மூன்று காரியங்கள் போதும்.

ஒன்று: படிப்புக்குச் செலவான பணம் எங்களுக்குக் கிடைத்த பங்கு என்று படித்தவர்களாகிய நாங்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். அதைப் பெண் வீட்டில் டொனேசனாக மறுபடி அறவிட உடன்படலாகாது. அவ்வண்ணமே மகளுக்குக் கொடுத்த கல்வியும் அவளுக்குக் கொடுத்த பங்கென்று மாப்பிள்ளை வீட்டார் மதிக்கவேண்டும். யேர்மனியர் 1957இற் செய்ததை நாம் சட்டமின்றியே செய்யலாம்.

இரண்டு: உழைத்துக் கொடுத்த மூத்தவனோ மூத்தவளோ மணமின்றி நிற்க, அவர்கள் உழைப்பில் எழுந்தவர்கள் முந்திக்கொண்டு தம் வழி போதல் தகாது. படித்து முடித்தவன் பெறும் முதற் சம்பளத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.

மூன்று: எதை யாருக்குக் கொடுக்கக் கருதியிருக்கிறோம் என்பதைப் பெற்றோர் தாம் இருக்கும்போதே பிள்ளைகள் எல்லோரையும் இருத்திச் சொல்லவேண்டும். செத்தவீட்டு முப்பத்தோராம் நாளில் உறுதிப் பெட்டியைத் திறந்து உடன்பிறந்தார் பகைக்கும் காட்சி நம் ஊர்களுக்குப் புதிதன்று.

வழமை என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று. போர்த்துக்கேயர் காலத்தில் மாறிற்று, 1911இல் மாறிற்று, மலாயாப் பணத்தோடும் மாறிற்று. அம்மாற்றங்கள் நம்மைக் கேட்டு வரவில்லை. அடுத்த மாற்றத்தையாவது பெரியோரும் இளைஞரும் கூடியிருந்து, நியாயம் பார்த்துச் செய்வோமாக.